ஆன்லைன்ல ஜெயிக்கிறவரு நேர்ல மேஜைல உக்காந்தா என்ன ஆகும்?

தம்பி, நீங்க எழுதுனத ரெண்டு தடவை படிச்சேன். மேலோட்டமா பாத்தா மூணு கேள்வி. எதிர்ல உக்காந்திருக்கவங்க முகத்தைப் படிக்க எப்படிக் கத்துக்கறது, கை நடுங்கினா என்ன பண்றது, கருப்புக் கண்ணாடி போட்டுக்கலாமா. பினாங்கு பாயான் லெப்பாஸ்ல ஷிப்ட் முடிஞ்சு வந்து ரெண்டரை வருஷமா ஆன்லைன்ல நாலு மேஜைய ஒரே நேரத்துல தொறந்து வச்சு போக்கர் ஆடுறீங்க, நூறு ஹேண்டுக்கு (ஒரு சுற்றுச் சீட்டு ஒரு ஹேண்ட்) அஞ்சு பிக் பிளைண்ட் (சீட்டுப் போடுறதுக்கு முன்னாடியே ஒருத்தரு கட்டாயமா வைக்கிற தொகை) வாக்குல லாபம்னு கணக்கு வச்சிருக்கீங்க, தீபாவளி லீவுல கூட்டாளிங்க நேர்ல ஆட மணிலாவுக்குக் கிளம்புறாங்க, கூட போறதா வேணாமான்னு யோசனை. ஆனா எனக்குப் பட்டது, நீங்க நிஜமா கேக்குறது இதுல எதுவும் இல்ல. "இத்தனை நாளா வந்த லாபம் என்னோட திறமையா, இல்ல பாதி வேலைய கம்ப்யூட்டரே எனக்குச் செஞ்சு குடுத்துச்சா, நேர்ல போயி எல்லாருக்கும் முன்னால அசிங்கப்படுவேனா" அதான் கேள்வி. அதுக்குப் பதில் சொல்றேன். பாதி வேலைய கம்ப்யூட்டர்தான் செஞ்சுது. அந்தப் பாதி பெரிய வித்தை ஒண்ணும் இல்ல, ஒரு மாசத்துல கத்துக்கலாம், ஆனா கத்துக்காம போனா காசு போகும்.

நான் யாருன்னு சொல்லிடுறேன், அப்பத்தான் எத நம்பலாம் எத விடலாம்னு உங்களுக்குத் தெரியும். பினாங்குலேர்ந்து கிளம்புற ஒரு கப்பல்ல ஒன்பது வருஷம் டீலரா இருந்தேன், கரை மறைஞ்சு கொஞ்ச நேரத்துல காசினோ தொறப்பாங்க, விடியிற வரைக்கும் சீட்டுப் போடணும், அந்த ஒன்பது வருஷத்துல பாதிக் காலம் போக்கர் மேஜைதான். இப்ப பட்டர்வொர்த்ல வேற வேலை, வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை வெளியூர் போயி ஆடுறது உண்டு. ஆடுனதெல்லாம் சின்ன மேஜை, காசு ஆட்டம். டோர்னமெண்ட் பத்தியோ பெரிய மேஜை பத்தியோ என்கிட்ட கேக்காதீங்க, அங்க உக்காந்து பேசுற தகுதி எனக்கு இல்ல.

முதல்ல சட்டத்த சுருக்கமா முடிச்சிடுறேன். நம்ம மலேசியால லைசென்ஸ் உள்ள காசினோ கெந்திங் மலை மேல இருக்கிறது ஒண்ணுதான், 21 வயசு ஆகியிருக்கணும், முஸ்லிம்களுக்கு அனுமதி இல்ல. அதுக்கு வெளிய, யாரோ ஒரு கடைவீட்டு மாடில மேஜை போட்டிருக்காங்க, ஜாலான் இன்னாரு, வாங்க பாஸ்னு வாட்சாப்ல கூப்பிட்டா போகாதீங்க. 1953லயே போட்ட பொது சூதாட்ட வீடுகள் சட்டம் இன்னமும் உசுரோட இருக்கு, போலீஸ் கதவ ஒடைச்சா உள்ள உக்காந்து ஆடுனவனுக்கும் சேத்துத்தான். அப்புறம், எந்த காசினோவுக்குப் போனாலும் பலகைல "போக்கர்"னு பாத்த உடனே போயி உக்காந்துடாதீங்க. கரீபியன் ஸ்டட், த்ரீ கார்ட் போக்கர் இதெல்லாம் காசினோவுக்கு எதிரா ஆடுறது, மத்த ஆளுங்களோட இல்ல. கரீபியன் ஸ்டட்ல நீங்க முதல்ல வைக்கிற காசுல சராசரியா அஞ்சு சதவீதத்துக்கு மேல காசினோவுக்குப் போகும், எவ்வளவு நல்லா ஆடினாலும். உங்க ரெண்டரை வருஷப் பழக்கம் அங்க ஒரு காசுக்கு ஆகாது.

சரி, மேஜைக்கு வருவோம். ஆன்லைன்ல நீங்க ரெய்ஸ் பண்ண, அதாவது பந்தயத்த ஏத்த, ஒரு பட்டன அழுத்துறீங்க, தப்பான தொகை போட்டா அந்த சாஃப்ட்வேர் ஒத்துக்காது, முன்கூட்டியே அழுத்துனாலும் உங்க முறை வந்தாத்தான் செல்லும், பாட்ல, அதாவது எல்லாரும் வச்ச காசுக் குவியல்ல, எவ்வளவு இருக்குன்னு நடுவுல எழுதியே காட்டும். நேர்ல இதுல ஒண்ணும் கிடையாது. கப்பல்ல ஒரு ராத்திரி நடந்தத சொல்றேன். பிளைண்ட் 25-50, அதாவது ரெண்டு பேரு கட்டாயமா வைக்கிறதுல சின்னது 25, பெரிசு 50. இருபத்தஞ்சு வயசு இருக்கும், பார்த்த உடனே தெரியும் ஆன்லைன் புள்ளைனு, சிப்ப தொடுறதே புதுசா இருக்கு. மூணு பேரு சும்மா 50 போட்டு உள்ள வந்துட்டாங்க, இவரு சீட்ட பாத்தாரு, முதுகு நிமிர்ந்துச்சு, 500 சிப் ஒண்ண எடுத்து முன்னால வச்சாரு, வாயத் தொறக்கல. நான் "கால்"னு, அதாவது மத்தவங்க போட்ட 50க்கு ஈடு மட்டும்னு, சொல்லி 450 மீதி திருப்பிக் குடுத்தேன். அவரு என்னப் பாக்குறாரு, நான் அவரப் பாக்குறேன். வாயால ரெய்ஸ்னு சொல்லாம ஒரே ஒரு சிப் போட்டா அது எவ்வளவு பெரிய சிப்பா இருந்தாலும் கால்தான், உலகம் முழுக்க கிட்டத்தட்ட எல்லா ரூம்லயும் அதான் விதி. அவர்கிட்ட கிங் ஜோடி. கைல ஆளுக்கு ரெண்டு சீட்டு, மேஜை நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு, அதுல முதல்ல தொறக்கிற மூணுதான் ஃப்ளாப். அஞ்சு பேரு அந்த ஃப்ளாப் பாத்தாங்க, பிக் பிளைண்ட்ல இருந்த சீனப் பெரியவரு 7-4 வச்சு காசே போடாம ரெண்டு ஜோடி அடிச்சாரு, அந்தப் புள்ளையோட மொத்தச் சிப்பும் அங்க போயிடுச்சு. எனக்கு மனசு கேக்கல, ஆனா டீலர் வாய் தொறக்கக் கூடாது. ஒரே ஒரு வார்த்தை, "ரெய்ஸ், ஐநூறு"ன்னு சொல்லியிருந்தா அந்தப் பெரியவரு சீட்ட அப்பவே தூக்கிப் போட்டிருப்பாரு.

அதனால முதல் பழக்கம், எதைச் செஞ்சாலும் முதல்ல வாயால சொல்லுங்க, அப்புறம் சிப்ப நகத்துங்க. சொன்ன சொல்லு கட்டுப்படுத்தும், மாத்த முடியாது, ஆனா அந்தச் சொல்லே உங்களக் காப்பாத்தும். சொல்லாம 150 வச்சிட்டு திரும்ப சிப் குவியலுக்குப் போயி இன்னொரு 300 எடுத்துட்டு வந்தா, அந்த ரெண்டாவது தடவை செல்லாது, 150தான் கணக்கு. உங்க முறை வர்றதுக்கு முன்னாடி சீட்டத் தூக்கி எறியாதீங்க, உங்களுக்கு முன்னால ஒருத்தரு இன்னும் யோசிச்சிட்டு இருப்பாரு, நீங்க ஃபோல்ட்னு காட்டுனது அவருக்குப் போயி உதவி பண்ணும், மேஜையே உங்கள மொறைக்கும். உங்க சீட்டு மேல ஒரு சிப்போ ஏதாவது ஒரு பொருளோ வச்சு அழுத்தி வையுங்க, காவல் இல்லாம கெடக்கிற சீட்ட டீலர் தெரியாம அள்ளிட்டா அந்த ஹேண்ட் போச்சு, அழுதாலும் வராது. நானே ஒருத்தருது அள்ளியிருக்கேன், இன்னமும் அந்த ஆளு மூஞ்சி ஞாபகம் இருக்கு. கடைசில சீட்டக் காட்டுறப்ப ரெண்டு சீட்டையும் முகம் மேல தெரியிற மாதிரி மேஜைல போடுங்க, "என்கிட்ட ஜோடி இருக்கு"ன்னு வாயால சொல்லிட்டு, அடுத்தவரு பெரிசா ஏதோ சொன்னாருன்னு நம்பி சீட்ட கவுத்துத் தள்ளிடாதீங்க. அவரு பொய் சொல்லியிருக்கலாம், தப்பாப் படிச்சிருக்கலாம். ஆன்லைன்ல இந்தப் பிரச்சினையே வராது, ஜெயிச்சவன் யாருன்னு அதுவே பாத்து காசத் தள்ளிடும்.

சீட்டப் பாக்குறதுலயே ஒரு விஷயம் இருக்கு, சொன்னா சிரிப்பீங்க. நான் டீலர் வேலைய விட்டுட்டு முதல் தடவை ஆளா உக்காந்து ஆடுனப்ப, ஒன்பது வருஷம் சீட்டுப் போட்டவன், எனக்கு என்ன தெரியாதுன்னு ஒரு நெனப்பு. பக்கத்துல ஒரு சீன ஆண்டி, அறுபது வயசுக்கு மேல, பட்டாணி மாதிரி ஏதோ மென்னுக்கிட்டே இருந்தாங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சு, நான் கிட்டத்தட்ட பாதிய இழந்தப்புறம், என் பக்கம் சாஞ்சு மலாய்ல மெதுவா "அடெக், காட் நம்பாக் லா"ன்னாங்க. தம்பி, உன் சீட்டு எனக்குத் தெரியுதுன்னு அர்த்தம். வீட்ல தீபாவளிக்கு பான் லக் ஆடுற மாதிரி சீட்டக் கைல தூக்கிப் பாத்துட்டு இருந்திருக்கேன். சீட்டு மேஜைய விட்டு எழும்பவே கூடாது, ரெண்டு கையையும் கூரை மாதிரி குவிச்சு, மூலைய மட்டும் கட்டை விரலால லேசா வளைச்சுப் பாத்துட்டு விட்டுடணும். ஒரே தடவை பாருங்க, மனசுல வையுங்க. ஃப்ளாப்ல ஒரே ஜாதிச் சீட்டு (மூணும் ஹார்ட்ஸ், இல்ல மூணும் டைமண்ட் மாதிரி) மூணு விழுந்த உடனே திரும்ப கீழ குனிஞ்சு பாத்தா, உங்ககிட்ட ரெண்டும் அந்த ஜாதி இல்லன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு, ஏன்னா ரெண்டும் அதேயா இருந்தா யாரும் மறக்க மாட்டாங்க.

இப்ப கணக்கு. இதுதான் நீங்க கேக்காத கேள்வி, ஆனா எனக்கு இதுதான் பெரிசு. ஆன்லைன்ல ஆறு பேரு மேஜைல மணிக்கு எழுபது ஹேண்ட்னு வைங்க, நாலு மேஜைனா 280. நேர்ல ஒன்பது பேரு, டீலர் கையால கலைச்சு கையால போட்டு, ஒருத்தரு யோசிச்சு, ஒருத்தரு போன்ல பேசி, ஒருத்தரு தண்ணி கேட்டு, மணிக்கு 25லேர்ந்து 30. அவ்வளவுதான். ஏஸ் ஜோடி, இருக்கிறதுலயே நல்ல ஆரம்பச் சீட்டு, 221 ஹேண்டுக்கு ஒரு தடவை வரும், அதாவது உங்க வீட்ல முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை, மேஜைல ஏழு எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஒரு நாள் முழுக்க உக்காந்து ஒரே ஒரு தடவை ஏஸ் ஜோடி பாத்து, அதுவும் எல்லாரும் ஃபோல்ட் பண்ணிட்டாங்கன்னா என்ன பண்ணுவீங்க? ஆன்லைன் ஆளுங்க பெரும்பாலும் விழுற இடம் இதுதான், முகம் காட்டிக் குடுத்து இல்ல, சலிச்சுப் போயி. நாப்பது நிமிஷம் ஒண்ணும் வராது, உடனே J-7 ஒரே ஜாதி மாதிரி சுமாரான சீட்டும் அழகாத் தெரியும், சும்மா ஒரு ஃப்ளாப் பாப்போமேன்னு தோணும். டீலர் நாற்காலிலேர்ந்து பாத்தா அப்படியே அலை மாதிரி தெரியும், முதல் ஒரு மணி நேரம் ஒழுங்கா இருப்பாங்க, ரெண்டாவது மணில போன எடுப்பாங்க, மூணாவது மணில எல்லா ஹேண்டுக்கும் உள்ள வருவாங்க.

இன்னொரு கணக்கும் அதுலேர்ந்தே வருது. வருஷம் முழுக்க சனிக்கிழமை தவறாம எட்டு மணி நேரம் நேர்ல ஆடினாக்கூட கிட்டத்தட்ட 12,000 ஹேண்ட்தான். உங்க நாலு மேஜைல அது நாப்பத்து சொச்சம் மணி நேரம், ஒரு வேலை வாரம் மாதிரி. நூறு ஹேண்டுக்கு ஏத்த இறக்கம் 80லேர்ந்து 100 பிக் பிளைண்ட் வரைக்கும் இருக்கும்னு வச்சுக்கிட்டா, உங்கள மாதிரி நூறு ஹேண்டுக்கு அஞ்சு பிக் பிளைண்ட் நிஜமாவே ஜெயிக்கக் கூடிய ஆளு, 12,000 ஹேண்ட் முடிவுல நஷ்டத்துல நிக்கிறதுக்கு நால்ல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு. நல்ல ஆட்டக்காரரு, ஒரு வருஷம் ஒழுங்கா ஆடியும், நால்ல ஒருத்தரு கைக்காசு போட்டிருப்பாரு. அப்படின்னா நாலு நாள் மணிலா போயிட்டு வந்து "நேர்ல எனக்கு வருது" "நேர்ல எனக்கு வரல"ன்னு நீங்க சொல்ற ரெண்டுமே அர்த்தமில்லாத பேச்சு. ஜெயிச்சிட்டு வந்தவங்கதான் இதுல ரொம்ப ஆபத்து, அடுத்த மாசமே பெரிய மேஜைல உக்காந்துடுவாங்க.

ஆனா மறுபக்கம் ஒண்ணு இருக்கு, நீங்க அதை எதிர்பாக்கல போல. சின்ன நேர் மேஜைல ஆடுறவங்க, நீங்க ஆன்லைன்ல பாக்குறவங்கள விட பலவீனமானவங்க. இது என் அனுபவம், புள்ளிவிவரம் இல்ல, ஆனா இதுல எனக்கு சந்தேகம் ரொம்பக் கம்மி. விடுமுறைக்கு வந்தவங்க, பொழுதுபோக்குக்கு உக்காந்தவங்க, பிளைட்டுக்கு நாலு மணி நேரம் இருக்குன்னு வந்தவங்க. அவங்க ஃபோல்ட் பண்றதுக்கா இவ்வளவு தூரம் வந்தாங்க? எல்லாரும் சும்மா உள்ள வருவாங்க, அஞ்சு பேரு ஃப்ளாப் பாப்பாங்க, நடு ஜோடி வச்சு ரிவர் வரைக்கும், அதாவது கடைசிப் பொதுச் சீட்டு வரைக்கும், கால் பண்ணுவாங்க. நீங்க ஆன்லைன்ல பண்ற மாதிரி ரெண்டரை பிக் பிளைண்ட் ரெய்ஸ் பண்ணா யாரும் மதிக்க மாட்டாங்க, அங்க நாலு அஞ்சு பிக் பிளைண்ட், உங்களுக்கு முன்ன சும்மா உள்ள வந்த ஒவ்வொருத்தருக்கும் இன்னொண்ணு சேத்துப் போடணும். பிளஃப், அதாவது சீட்டு இல்லாமலே இருக்கிற மாதிரி காசு வைக்கிறது, அத பாதியா குறைங்க, நல்ல சீட்டு வந்தா வெக்கப்படாம பெரிசா பந்தயம் கேளுங்க. அப்புறம், மூணு மணி நேரமா வாய் தொறக்காம கால் மட்டும் பண்ணிட்டு இருந்த ஒரு அங்கிள் ரிவர்ல திடீர்னு ரெய்ஸ் பண்ணா, ஆன்லைன் புத்தகக் கணக்கெல்லாம் மூடி வச்சிட்டு ஃபோல்ட் பண்ணுங்க. அவர்கிட்ட இருக்கு. பத்துல ஒன்பது தடவைன்னு சொல்வேன், எண்ணிப் பாத்தது இல்ல, ஆனா நான் சீட்டுப் போட்ட ராத்திரிங்கள நெனச்சுப் பாத்தா அப்படித்தான் ஞாபகம் வருது.

முகம் படிக்கிறதுக்கு வர்றேன். எல்லாருக்கும் இதுதான் சினிமா. 2013ல மைக்கேல் ஸ்லெபியன்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர்ங்கிற பெரிய போட்டில சிப் வைக்கிற காட்சிகளத் துண்டு துண்டா வெட்டி, ஒரு பகுதிய முகம் மட்டும் தெரியிற மாதிரியும் இன்னொண்ண கை மட்டும் தெரியிற மாதிரியும் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி, இவருக்கு நல்ல சீட்டா கெட்ட சீட்டான்னு கேட்டாங்க. கையப் பாத்தவங்க ஓரளவு சரியா சொன்னாங்க, சிப்ப தடங்கல் இல்லாம நகத்துறவன்கிட்ட நல்ல சீட்டு. முகம் மட்டும் பாத்தவங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல, குருட்டுத்தனமா சொல்றத விட மோசம்னு கூட வந்துச்சு. இத வச்சு கைதான் மந்திரம்னு கிளம்பிடாதீங்க, வித்தியாசம் சின்னதுதான், பாக்கப்பட்டவங்க தொழில்முறை ஆளுங்க, உங்க மேஜை அங்கிள் இல்ல. நான் அதுலேர்ந்து எடுத்துக்கிட்டது இவ்வளவுதான், மூஞ்சியப் பாத்து நேரத்த வீணாக்காம சிப் எப்படி நகருதுன்னு பாக்கறது. நீங்களும் ஒவ்வொரு தடவையும் ஒரே வேகத்துல, ஒரே மாதிரி நகத்துங்க. நல்ல சீட்டோ குப்பையோ, மனசுல மூணு எண்ணிட்டு, சொல்லிட்டு, நகத்துறது. அது போதும்.

முகத்தச் சரியாப் படிச்சாக்கூட அதுக்கு மேல ஒரு படி இருக்கு. 2003ல கிறிஸ் மணிமேக்கர்னு ஒரு கணக்காளரு, ஆன்லைன்ல சின்ன காசுக்கு தகுதிச் சுற்று ஆடி வேர்ல்ட் சீரிஸ் பெரிய ஆட்டத்துக்குப் போனாரு, நேர்ல அவரு ஆடுன முதல் டோர்னமெண்டே அதுதான். 839 பேரு, முதல் பரிசு 25 லட்சம் டாலர், அத அவருதான் தூக்கிட்டுப் போனாரு. கடைசி ரெண்டு பேருல எதிர்ல சாமி ஃபார்ஹா, பழந்தின்னு கொட்டை போட்ட ஆளு. ஒரு ஹேண்ட்ல மணிமேக்கர்கிட்ட ஃப்ளஷ்ஷும் (ஒரே ஜாதில அஞ்சு) வரல ஸ்ட்ரெய்ட்டும் (வரிசையா அஞ்சு) வரல, வெறும் கிங்க வச்சுக்கிட்டு மொத்தச் சிப்பையும் தள்ளிட்டாரு. ஃபார்ஹாகிட்ட ரெண்டு ஒன்பது சேந்த ஜோடி, நடுவுல இருந்த பொதுச் சீட்டுலயே பெரிய சீட்டோட சேந்த ஜோடி. ஃப்ளஷ் வராமப் போச்சான்னு வாய்விட்டே கேட்டாரு, அதாவது சரியாக் கண்டுபிடிச்சிட்டாரு. கண்டுபிடிச்சும் ஃபோல்ட் பண்ணாரு. இதச் சொல்றது மணிமேக்கர் மாதிரி நீங்களும் ஆகலாம்னு இல்ல, அது லாட்டரி அடிச்ச மாதிரி, அவரே ஆயிரத்துல ஒருத்தரு. சரியாப் படிச்சாலும் காசு வைக்கத் தைரியம் வேணும், அது மட்டும்தான் சொல்ல வந்தேன்.

உங்க கை நடுங்கும். நடுங்கட்டும். எனக்கு இன்னமும் பெரிய பாட்ல விரல் ஆடும். பழைய ஆளுங்க கை நடுங்குனா பிளஃப் இல்ல, பெரிய சீட்டுன்னு சொல்வாங்க, நான் பாத்தவரைக்கும் அது ஓரளவு உண்மை, ஆனா புதுசா உக்காந்தவனுக்கு எல்லாத்துக்கும் நடுங்கும்னு மேஜைக்கே தெரியும், அதனால உங்க நடுக்கத்த யாரும் பெரிசா எடுத்துக்க மாட்டாங்க. காப்பி ரெண்டாவது கப் குடிக்காதீங்க, அது போதும். சாப்பாட்டுலயும் பாத்துக்குங்க, நாசி கண்டார் பஞ்சிர் போட்டு வயிறு முட்ட சாப்பிட்டுட்டு உக்காந்தா மூணாவது மணில கண்ணு சொருகும்.

கூட்டாளிங்களோட போறீங்க, அதனால இதையும் சொல்லணும். ஒரு ஹேண்ட் ஓடுறப்ப கூட்டாளிகிட்ட தமிழ்ல பேசாதீங்க. நிறைய ரூம்ல ஹேண்ட் நடக்கிறப்ப ஆங்கிலம் மட்டும்தான்னு விதி, நீங்க "டேய் பசிக்குதுடா"ன்னு சொன்னாக்கூட மத்தவங்களுக்கு நீங்க ரெண்டு பேரும் சீட்டச் சொல்லி ஆடுறீங்கன்னு தோணும், ஃப்ளோர் மேனேஜர் வந்துடுவாரு. முடிஞ்சா தனித்தனி மேஜைல உக்காருங்க, காசு ரீதியாவும் அதான் நல்லது, கூட்டாளிகிட்டயிருந்து காசு எடுக்க யாருக்கும் மனசு வராது, அந்த மனசுக்கு விலை இருக்கு.

காசு விஷயம். ஒவ்வொரு பாட்லேர்ந்தும் மேஜை எடுக்கிற ரேக், அதாவது கமிஷன், ஒவ்வொரு ரூமுக்கும் வேற, உக்காருறதுக்கு முன்னாடி கேளுங்க, எத்தனை சதவீதம், எவ்வளவுக்கு மேல எடுக்க மாட்டாங்கன்னு. ஒரு உதாரணம் போடுறேன், பாட் ஒண்ணுக்கு சராசரியா ஒரு பிக் பிளைண்ட் எடுத்தாங்கன்னா மணிக்கு 30 பிக் பிளைண்ட் மேஜைய விட்டே வெளிய போகுது, ஒன்பது பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு மூணுக்கு மேல. நீங்க நூறு ஹேண்டுக்கு அஞ்சு ஜெயிக்கிறது மணிக்கு ஒன்றரைதான், அதுக்கு மேல டிக்கெட்டு, ரூம், சாப்பாடு. அதாவது இந்தப் பயணம் காசு சம்பாதிக்கிற பயணம் இல்ல, செலவு பண்ணிட்டு ஆடப் போற பயணம். பிள்ளைங்க பள்ளிக்கூடப் பணமோ காடி மாசத் தவணையோ அதுல இருக்கக் கூடாது. மூணு தடவை சிப் வாங்குற அளவு காச மட்டும் எடுத்துட்டுப் போங்க, கார்ட வீட்ல வச்சிட்டுப் போங்க, இத நான் பெரிய மனுசனா சொல்லல, ராத்திரி மூணு மணிக்கு ஏடிஎம் முன்னால வரிசைல நின்ன ஆளுங்கள கப்பல்ல தினம் பாத்ததால சொல்றேன். அப்புறம் மேஜைல ஜெயிச்ச சிப்ப நடுவுல எடுத்து பையில போட்டுக்க முடியாது, எழுந்து போனாத்தான் எடுத்துட்டுப் போகலாம், அது தெரியாம சண்டை போட்டவங்களும் உண்டு.

போறதுக்கு முன்னாடி வீட்ல பழகுறதுக்கு வழி இருக்கு. நூறு பிளாஸ்டிக் சிப் பாசார் மாலாம்ல கூட கெடைக்கும், இல்லன்னா ஒரே அளவுல காசு எடுத்துக்குங்க. இருபதா அடுக்கி, அஞ்சஞ்சாப் பிரிச்சு, கண்ணால பாத்த உடனே எத்தனைன்னு சொல்லப் பழகுங்க. அப்புறம் நாலு ஹேண்டுக்கு மேல வேணாம், தினம் நாலே நாலு ஹேண்ட சீட்டுக் கட்டு வச்சுப் போட்டுக்கிட்டு பாட்ட மனசுல கூட்டுங்க. ஒருத்தரு 200 ரெய்ஸ், மூணு பேரு கால், பிளைண்ட் ரெண்டும் (25ம் 50ம்) ஃபோல்ட், அப்ப 800ம் 75ம் 875. இத ஓட ஓட வச்சுக்கிட்டே இருக்கணும், நேர்ல டீலர்கிட்ட கேட்டாலும் இந்த மாதிரி ஆட்டத்துல பாட் எவ்வளவுன்னு எண்ணிச் சொல்ல மாட்டாரு. ஏற்கெனவே 900 இருக்கிற பாட்ல எதிராளி 450 பந்தயம் கேட்டா உங்களுக்கு நால்ல ஒரு பங்கு வாய்ப்பாவது வேணும், ஃப்ளஷ்ஷுக்கு ஒரு சீட்டு பாக்கின்னா அடுத்த சீட்டுல வர்ற வாய்ப்பு 19 சதவீதம்தான், இந்தக் கணக்கு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், தெரியாதது அந்த 900ங்கிற எண்ணு, அத நேர்ல எந்தத் திரையும் காட்டாது. ரெய்ஸ் மேல ரெய்ஸ் வர்றப்ப குறைஞ்ச அளவு எவ்வளவுன்னும் பழகிக்குங்க, 200 கேட்டாங்க, ஒருத்தரு 700 ஆக்குனாரு, அவரு ஏத்துனது 500, அப்ப நீங்க ஏத்தணும்னா 1,200க்குக் குறையக் கூடாது.

அந்த வெறும் நேரத்துல, சீட்டுத் தூக்கிப் போட்டுட்டு சும்மா உக்காந்திருக்கிற அந்த மணி நேரங்கள்ல, போன எடுக்காதீங்க. அன்னெட் ஒப்ரெஸ்டாட்னு ஒரு நார்வே பொண்ணு, ஆன்லைன்ல 180 பேரு ஆடுற ஒரு சின்ன டோர்னமெண்ட்ல தன் சீட்டுத் தெரியாத மாதிரி திரைல காகிதம் ஒட்டிட்டு ஒரே ஒரு தடவை மட்டும் பாத்து ஜெயிச்சதா சொல்லுவாங்க, 2007ல பத்தொன்பது வயசு ஆகுறதுக்கு ஒரு நாள் முன்னாடி லண்டன்ல நேர் மேஜைல பெரிய பட்டமும் எடுத்தாங்க. தன் சீட்டப் பாக்காட்டி மத்தவங்கள மட்டும்தான் பாக்க முடியும், அதான் அதுல விஷயம். நான் பண்றது ஒரு சின்ன விளையாட்டு, நான் இல்லாத ஹேண்ட்ல யாரு என்ன காட்டுவாங்கன்னு ரிவருக்கு முன்னாடியே மனசுக்குள்ள சொல்லிக்குவேன், காட்டுனப்புறம் சரியா தப்பான்னு பாப்பேன். முதல் ராத்திரி பத்துல ரெண்டு சரியா இருந்துச்சு. இப்ப அஞ்சு. ஆனா அதுக்கு பதினோரு வருஷம் ஆச்சு.

கருப்புக் கண்ணாடி பத்திக் கேட்டீங்க. அனுமதி இருக்கிற ரூம்ல போட்டுக்கலாம், மணிமேக்கரும் போட்டுக்கிட்டுத்தான் ஆடுனாரு. கப்பல்ல ஒருத்தரு ஈப்போக்காரரு, சிவப்புத் தொப்பி, பெரிய கருப்புக் கண்ணாடி, மூணு மணி நேரம் சிலை மாதிரி உக்காந்திருந்தாரு, ஒருத்தராலயும் அவரப் படிக்க முடியல. ஒரு பாட்ல மொத்தத்தையும் தள்ளினாரு, பக்கத்து ஆளு கால் பண்ணாரு, இவரு சிரிச்சிக்கிட்டே சீட்ட விரிச்சு "ஃப்ளஷ்"னாரு. நான் சீட்ட இழுத்து நேரா வச்சேன், மேஜைல மூணு ஹார்ட்ஸ், அவர்கிட்ட ஒரு ஹார்ட்ஸ், இன்னொண்ணு டைமண்ட். கண்ணாடியத் தூக்கிட்டு குனிஞ்சு பாத்தாரு. அதுக்கப்புறம் அந்தக் கண்ணாடி ராத்திரி முழுக்க அவரு சிப் பக்கத்துல மடக்கியே கெடந்துச்சு.